மாமன் மடியில் வாய் திறக்கும் நேரம்

திருத்தணி மலைமேல் மொட்டை அடிக்கும் கூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், மடியில் பிள்ளை. தலையில் தண்ணீர் பட்டதும் சிணுங்கல், கத்தி பட்டதும் அலறல். காது குத்த ஊசி வரும்போது உள்நாக்கு தெரியும் அளவுக்கு வாய் திறந்துவிடும். சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருத்தர் கிலுகிலுப்பை ஆட்டுவார், இன்னொருத்தர் கற்கண்டை வாயில் போட்டு அழுகையை அடக்கப் பார்ப்பார். அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் மட்டும் இருக்க மாட்டார்.

பிள்ளையின் பல்லைப் பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஒரு வயதில் மொட்டை என்றால் மேலும் கீழுமாக ஆறோ எட்டோ முன்பற்கள் முளைத்திருக்கும். மூன்று வயது மொட்டை என்றால் பால்பற்கள் இருபதும் வந்திருக்கும். பல் மருத்துவர்கள் சின்னப் பிள்ளைகளைச் சோதிக்கும் முறையும் ஏறக்குறைய மாமன் மடி முறைதான். இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார வேண்டும். பிள்ளை அம்மாவைப் பார்த்தபடி அவள் மடியில் உட்கார்ந்து, கால்களை அவள் இடுப்புக்கு இருபுறமும் போட்டுக்கொள்ளும். அப்படியே மல்லாக்கச் சாய்த்தால் தலை எதிரில் இருப்பவர் மடிக்கு வந்துவிடும். அம்மா பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேலுதட்டைத் தூக்கி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். அரை நிமிட வேலை. வீட்டுத் திண்ணையில், களத்துமேட்டில், பால்வாடி வாசலில் என்று எங்கேயும் செய்யலாம். பிள்ளை அழுதால் பயப்பட வேண்டாம். அழும் பிள்ளையின் வாய்தான் நன்றாகத் தெரியும்.

பார்க்க வேண்டிய இடம் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோடு சேரும் ஓரம். அங்கே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்குகிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் வலி இருக்காது, ஓட்டை இருக்காது, பிள்ளை எதுவும் சொல்லாது. ஆனால் பல்லைக் காப்பாற்ற இதுதான் சரியான கட்டம். கோடு பழுப்பாகி, பிறகு பள்ளமாகி, பல் பாதியாக ஒடிந்து நிற்கும் நிலைக்கு வர மாதக்கணக்கே போதும். கீழ்வரிசை முன்பல் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும், பால் குடிக்கும்போது நாக்கு அதை மூடிக்கொண்டிருப்பதால். மேல்பல் கரைந்து கீழ்பல் முத்தாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால், ராத்திரியில் புட்டியோடு தூங்கும் பிள்ளை என்று கேட்காமலே ஊகிக்கலாம்.

வரப்பும் பல்லும்

சொத்தைக்குத் திருத்தணிப் பக்கத்தில் பூச்சிப்பல் என்று பெயர். தெலுங்கு பேசும் வீடுகளில் பிப்பி பன்னு என்பார்கள். 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர் இது. இன்றும் ஒரே தெருவில் இரண்டு மொழியும் புழங்கும். ஆகவே பிள்ளை வளர்ப்பில் யோசனை சொல்லப் போகிறவர்கள் இரண்டிலும் நாலு வார்த்தை தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெலுங்கில் பற்களுக்கும் பழங்களுக்கும் ‘பள்ளு’ என்று ஒரே சொல்தான். பழம் தின்றால் பல்லுக்கு நல்லது என்று அந்தப் பாட்டிகளிடம் சொல்லும்போது அவர்களே சிரித்துவிடுவார்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பூச்சி என்று எதுவும் பல்லுக்குள் இல்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கவைத்து, தண்ணீரில் புழு மிதப்பதாகக் காட்டுவது பழைய வித்தை. வெடித்த விதையின் முளைக்கருவைக் காட்டியே காசு வாங்கிவிடுவார்கள். இருப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம் தின்னும் சர்க்கரையை அதுவும் தின்று அமிலத்தை விடுகிறது. அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. வாய் சும்மா இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் அந்த அமிலத்தை அடக்கி, கரைந்ததில் ஒரு பங்கைத் திருப்பி வைத்துவிடும்.

வயல்காரர்களுக்கு இதைச் சொல்ல வரப்பு போதும். மடை உடைந்தால் ஒரு கூடை மண் வெட்டிப் போட்டு அணைக்கிறோம். அணைத்து முடிப்பதற்குள் மறுபடி உடைந்தால்? மறுபடியும் உடைந்தால்? சாயங்காலத்துக்குள் வரப்பே இருக்காது. ஒரு தடவை அதிகமாகத் தின்ற இனிப்பைவிட, அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சமாகத் தின்ற இனிப்பு பல்லை அதிகம் கெடுப்பது இதனால்தான்.

இதை முதலில் நிரூபித்த ஆராய்ச்சி சுவீடனில் லுண்ட் நகரத்தை அடுத்த விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் 1940களில் தொடங்கி நடந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. தங்கள் பல்லைக் கெடுத்துப் பார்க்கிறார்கள் என்று தெரியாத, மறுத்துச் சொல்ல வழியில்லாத மனிதர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது. அந்தப் பாடத்துக்கான விலையை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நாம் அதைப் பயன்படுத்தவாவது செய்யலாம்.

நாற்று நடவு நாளில் ஒரு பிள்ளையின் வாய்

திருத்தணி, திருவாலங்காடு, பள்ளிப்பட்டு பக்கத்தில் நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் உள்ள வீட்டில் நடவோ களையெடுப்போ நடக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அம்மா விடியலிலேயே கிளம்பிவிடுவாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்தரை மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பொறையும். ஏழு மணிக்கு எழுந்துவரும் அண்ணனோடு இன்னொரு வாய் டீ, இரண்டு பிஸ்கட். ஒன்பது மணிக்கு ஆயா இட்லி கொடுப்பாள், தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. பால்வாடிக்குப் போக அடம்பிடித்தால் பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய். மத்தியானம் சோறு. மூன்று மணிக்கு ஐந்து ரூபாய் பாக்கெட். ஆறு மணிக்கு அம்மா திரும்பி வரும்போது முந்தானையில் முடிந்து எடுத்துவரும் பன் அல்லது தேன்மிட்டாய். ராத்திரி சர்க்கரை போட்ட பால் புட்டியில், தூங்கும்வரை.

எண்ணிப் பாருங்கள். ஏழு தடவை சர்க்கரை. ஒவ்வொரு தடவையும் கையளவுகூட இல்லை. அந்த அம்மாவைக் கேட்டால், “எம் புள்ள இனிப்பே அதிகமா தின்னாதுங்க” என்பாள். பொய் சொல்லவில்லை, அளவை மனதில் வைத்துச் சொல்கிறாள்.

இந்தப் பட்டியலில் அம்மாவின் தவறு என்று நான் எதையும் காணவில்லை. பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டு நடவு நட முடியாது. டீயும் பொறையும் ஐந்து நிமிடத்தில் பசியை அமர்த்தும். சாயங்காலம் கொண்டுவரும் பன், நாளெல்லாம் பிரிந்திருந்ததற்கான ஈடு. ஆகவே ‘இனிப்பை நிறுத்து’ என்று சொல்லும் கையேடுகள் அடுக்களை மூலையில் எண்ணெய் துடைக்கப் போய்விடும். நாளின் வரிசையை மாற்றாமல், வரிசைக்குள் வருவதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

விடியற்காலை டீ முதலில் போகட்டும். டீயிலுள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலிருந்து இரும்பு சேர்வதைத் தடுக்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை. அப்படிப்பட்ட உடம்புக்கு டீ வேண்டியதே இல்லை. முந்தின ராத்திரி கரைத்துவைத்த கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் போட்டால் அதற்கு அடுப்பே மூட்ட வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழைப் பிள்ளைக்கு மற்ற மாதங்களிலும் ஊற்றலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மூன்று மணிப் பாக்கெட்டுக்குப் பதில் மல்லாட்டை. இங்கே விளையும் பொருள்களில் பிள்ளைக்கு இதைவிட நல்லது சொல்வது கடினம்: எடையில் கால்பங்கு புரதம், போதுமான எண்ணெய், சர்க்கரை சொற்பம். அவித்துக் கொடுங்கள். நாலைந்து வயதாகாத பிள்ளைக்கு முழுக்கொட்டையைக் கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். நசுக்கியோ, அரைத்துத் துவையலாகவோ, பொடித்துச் சோற்றில் பிசைந்தோ கொடுக்கலாம். கடலைமிட்டாய் நல்லதுதானே என்று கேட்பார்கள். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் பல்லின் பள்ளத்தில் பாகு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும் என்பதால் சோறு தின்ற கையோடு தின்னட்டும்.

சாயங்காலப் பன்னை நிறுத்தச் சொல்லாதீர்கள். அம்மா கையிலிருந்து ஏதோ ஒன்று வரத்தான் வேண்டும். கொய்யா வரட்டும், வாழைப்பழம் வரட்டும், நாவல் காலத்தில் நாவல் வரட்டும். பன்தான் என்றால் சோற்றோடு சேர்த்து அதே வேளையில் தின்னட்டும். ஏழு தடவை மூன்றாகக் குறைந்தாலே பெரிய வெற்றி.

வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பல்லுக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை படித்தவர்களிடம் இன்னும் பலமாக இருக்கிறது. கிருமிக்கு வெள்ளையும் ஒன்றுதான், பழுப்பும் ஒன்றுதான். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் கலந்தே வருகிறது; மேலே ஒரு கரண்டி சர்க்கரை போட வேண்டாம். இரண்டு வயது முடியும்வரை பிள்ளைக்குச் சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. பிறந்ததிலிருந்து இனிப்பு காட்டாத பிள்ளைக்கு இனிப்பில்லாத கூழ் ருசியாகத்தான் இருக்கும்.

கரும்பைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வண்டி போகும் அரவைக் காலத்தில் பிள்ளைகள் கையில் எந்நேரமும் ஒரு துண்டு இருக்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு கணுவைக் கடித்துத் தின்று, வாய் கொப்பளித்துவிட்டு விளையாடப் போனால் பெரிய கேடில்லை. மெல்லும்போது எச்சில் நிறைய ஊறும். காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே கரும்பைச் சப்பிக்கொண்டிருப்பதும், சாறாகப் பிழிந்து புட்டியில் ஊற்றிக் கொடுப்பதும் வேறு கதை. ஒரு டம்ளர் சாற்றில் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரைக்குக் குறையாது.

விற்றுப்போகும் பால்

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கும். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போகும். பிள்ளைக்குக் கிடைப்பது டீயில் கலந்த ஒரு கரண்டி. கோழி இருக்கும், முட்டை சந்தைக்குப் போகும். மல்லாட்டை மூட்டையாகக் கட்டிப் போகும், பாக்கெட் கேக் பெட்டிக்கடையிலிருந்து வரும். பால் காசுதான் உரக்கடைக் கடனையும் பள்ளி வேன் கட்டணத்தையும் அடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். எல்லாப் பாலையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல நான் யார்? ஒரே ஒரு யோசனை: கேனில் ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைக்கான டம்ளரை எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. மல்லாட்டைக்கும் அப்படியே, விதைக்கு எடுத்துவைக்கும்போதே பிள்ளைக்கும் ஒரு மரக்கால் எடுத்து வையுங்கள்.

அரசு கொடுப்பதை முழுசாக வாங்குவதும் இதே கணக்கில் வரும். 1982இல் தொடங்கிய சத்துணவில் இன்று பள்ளிப் பிள்ளைக்கு வாரம் 5 நாளும் முட்டை உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, பொங்கல், கிச்சடி என்று சூடாகத் தருகிறது. பல்லைப் பொறுத்தவரை இதன் பெரிய லாபம் வேறு ஒன்று. வயிறு நிறைந்த பிள்ளை பத்து மணிக்குப் பெட்டிக்கடையைத் தேடாது.

பல் கெட்ட பிள்ளை சாப்பாட்டையும் விட்டுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முட்டையின் வெள்ளையைத் துப்புகிறது, அவித்த மல்லாட்டையைத் தள்ளுகிறது, டீயில் நனைத்த பிஸ்கட் மட்டும் கேட்கிறது என்றால் ‘செல்லம்’ என்று முடிவு கட்டாமல் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். மெல்ல வலிக்கிற பிள்ளைக்கு நனைந்த பிஸ்கட்தான் சாப்பாடு. அந்தப் பிஸ்கட் பல்லை மேலும் கெடுக்கும். எடை ஏறாமல் பால்வாடி அட்டையில் கோடு படுத்துவிடும்.

ராத்திரிப் புட்டி, மாமியார், தூரிகை

தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அப்போது வாயில் தேங்கும் சர்க்கரைப் பால், பகலில் தின்ற எதைவிடவும் கேடு. புட்டியை ஒரே ராத்திரியில் நிறுத்தினால் வீடு தூங்காது. ஒரு வாரம் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள்; அடுத்த வாரம் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள்; மூன்றாம் வாரம் புட்டியில் வெறும் தண்ணீர். அழுது ஓய்ந்து பிள்ளையே புட்டியை விட்டுவிடும். பாலை மாலையில் டம்ளரில் கொடுத்துவிடலாம்.

புட்டி கொடுப்பது பெரும்பாலும் மாமியார். வேலைக்குப் போய் வந்த மருமகள், “அத்தை, இப்படிக் கொடுக்காதீங்க” என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆகவே கிராமச் செவிலியரும் பால்வாடி டீச்சரும் இந்தப் பேச்சை மருமகளிடம் சொல்லி அனுப்பக் கூடாது. பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளையை அவர் மடியில் சாய்த்து, வெள்ளைக் கோட்டை அவர் கண்ணுக்கே காட்ட வேண்டும். “ஆயா, நீங்க பார்த்துக்கிட்டா இது ஆறிடும்” என்று ஒரு வார்த்தை. பார்த்த பிறகு காவல் அவருடையது. நடவு நாளில் பிள்ளையோடு இருப்பவரும் அவர்தானே.

பல் விளக்குவதில் ராத்திரி வேளையை விடக்கூடாது. காலை விளக்கல் பழக்கத்தில் இருக்கிறது. ராத்திரி விளக்கல் இல்லை. முதல் பல் முளைத்த நாளிலிருந்து மென்மையான சின்னத் தூரிகை, ஃபுளோரைடு உள்ள பற்பசை. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நீளத்துக்கும் பிதுக்க வேண்டாம், காசும் மிச்சம். நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கி, அந்த வெள்ளைக் கோட்டை ஆற்றும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கையால்தான் விளக்கிவிட வேண்டும். தன் சட்டைப் பொத்தானையே கோணலாகப் போடும் கை கடைவாய்ப்பல்லை எப்படி விளக்கும்? சாம்பலும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். ஆலங்குச்சி, வேலங்குச்சி பெரியவர்கள் விருப்பம், தடுக்கவில்லை. ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை. மூன்று வயது வாய்க்குள் குச்சி நுழையவும் நுழையாது.

ஆறு வயதில் வரும் திருட்டுப் பல்

பால்பல் விழுந்தால் கூரைமேல் எறிகிறோம், சாணியில் பொதிந்து புதைக்கிறோம். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால், ஓசையில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழவில்லை என்பதால் இதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் வேண்டிய பல். மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சீக்கிரம் சொத்தை விழும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வருடம் ஒரு முறை இந்த நான்கு பற்களையும் காட்டிவிடுங்கள். பள்ளத்தை மெழுகுவது போல ஒரு பூச்சுப் பூசி மூடிவிடுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. பள்ளிக்கும் பால்வாடிக்கும் வரும் அரசின் சிறார் நலக் குழு பார்க்கும் பட்டியலில் பல்சொத்தையும் உண்டு. அவர்கள் வரும் நாளில் பிள்ளையை விடுப்பு எடுக்கவைக்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்

பல்வலியோடு கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அது காத்திருக்கும் நோயல்ல. அன்றே திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கண் மூடும் அளவுக்கு வீக்கம், விழுங்க முடியவில்லை, வாய் திறக்க முடியவில்லை என்றால் ராத்திரியானாலும் 108. கற்பூரத்தைப் பல்லில் வைக்காதீர்கள், பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரும். புகையிலையும் வேண்டாம். கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கிவிடும். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் கொடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஈறில் கொப்புளம் வந்து, உடைந்து, வலி நின்றுவிட்டால் குணமானதாக நினைக்க வேண்டாம். சீழ் வழி கண்டுபிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அடியில் வளரும் நிலைப்பல்லை அது கெடுக்கும்.

பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருத்தணியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஒரு நாள் கூலி போகும் என்பதால், போவதற்கு முன் வளர்ச்சி அட்டை, பழைய மருந்துச்சீட்டு, ஆதார் மூன்றையும் பையில் வையுங்கள். பிள்ளைக்குக் காலையில் சாப்பிடக் கொடுத்தே கூட்டிப்போங்கள். மயக்க மருந்துக்குத் தேதி கொடுத்திருந்தால் மட்டும் அவர்கள் சொன்னபடி வெறும் வயிறு.

அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளைக்கு இப்போது ராட்டினம் போலச் சுழலும் கருவி இல்லாமலே ஒரு வழி உண்டு. வெள்ளிச் சத்தும் ஃபுளோரைடும் கலந்த ஒரு நீர்மருந்தைச் சொத்தைமேல் தொட்டுவைப்பார்கள். ஒரு நிமிட வேலை. சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, தொட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். “காதுகுத்து போட்டோல புள்ள பல்லு கருப்பாத் தெரியுதே” என்று சண்டைக்கு வந்த ஒரு தாய்மாமனை எனக்குத் தெரியும். அந்தப் பல் ஏழு வயதில் விழுந்துவிடும் என்று சொன்னேன். சமாதானம் ஆகவில்லை. பிள்ளை அதே பல்லால் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு அவர் தோளில் உட்கார்ந்திருந்தது.